‘போட்டாச்சு’ என்று நான் சொன்ன ஊசி

போன மாதம் ஒரு நாள் காலையில் தர்ஷினி போன் எடுத்தாள். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் நான் முப்பத்திரண்டு வருஷம் மிட்வைஃபாக வேலை செய்த தாய் சேய் கிளினிக்கில், நான் ஓய்வு பெற்ற பிறகு என்னுடைய இடத்துக்கு வந்தவள் அவள். நல்ல சுறுசுறுப்பான பிள்ளை. என்னை அடிக்கடி போனில் பிடித்து, பழைய ரெஜிஸ்டர் எங்கே, எந்தத் திறப்பு எந்த அலுமாரிக்கு என்று கேட்பாள். அன்றைக்கும் அப்படித்தான் ஏதோ என்று நினைத்தேன்.

“அக்கா, ஒரு சின்னக் கேள்வி. மெனிங்கோகொக்கல் ஊசியைப் பற்றித் தாய்மாருக்கு ஒரு நோட்டீஸ் எழுதச் சொல்லியிருக்கினம். எங்கட கிளினிக்கில போடுற ஊசி இல்லை, வெளியில போய்ப் போடவேணும். ஆனா இப்ப நிறையப் பேர் வந்து கேக்கினம். சிங்களத்தில எழுதியாச்சு. தமிழில என்னெண்டு போடுறது? மூளைக்காய்ச்சல் ஊசி எண்டு போட்டா எல்லாருக்கும் விளங்கும்தானே?”

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அடுப்பில் பருப்பு இருக்கிறது, பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் நாலாம் மாடி வீட்டு ஜன்னலுக்குக் கிட்ட நின்று, கீழே ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சின்னக் கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்று யோசித்தேன். மூன்று நாள் யோசித்தேன். இப்போதும் சரியான பதில் என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்பதையாவது எழுதி வைக்கிறேன். வாசிக்கிற யாருக்காவது என்னைவிடத் தெளிவாக விளங்கினால் சந்தோஷம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து பயிற்சி முடித்த கதையை நீட்டத் தேவையில்லை. சிங்களம் தெரியாமல் வந்தேன், படித்தேன், அழுதேன், பாஸ் பண்ணினேன். வேலை பழகியது புத்தகத்தில் இல்லை, ஜயந்தி சிஸ்டரிடம்தான்.

ஜயந்தி சிஸ்டர் எங்கள் கிளினிக்கின் பொறுப்பு நர்ஸ். சிங்களப் பெண். குட்டையான, தடித்த, எப்போதும் வேர்த்துக்கொண்டிருக்கிற மனிசி. அவருடைய தமிழ் முழுவதும் கொச்சிக்கடை, முகத்துவாரத் தாய்மாரிடம் இருபது வருஷமாகப் பொறுக்கிய தமிழ். இலக்கணத்தைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. ஆனால் அந்தத் தமிழில் அவர் திட்டினால் துறைமுகத்துக்குச் சாமான் இறக்கப் போகிற ஆம்பிளைகளும் வாயை மூடுவார்கள்.

அவர் காலையில் கிளினிக்குக்கு வந்ததும் முதலில் மனிதரைப் பார்க்க மாட்டார், தடுப்பூசி வைக்கிற பிரிட்ஜைத்தான் பார்ப்பார். செருப்பைக் கழற்றாமல், கைப்பையை இறக்காமல், நேரே போய்க் கதவைத் திறந்து, உள்ளே இருக்கிற வெப்பமானியை வெளியில் எடுக்காமல் குனிந்து வாசிப்பார். இரண்டுக்குக் குறைந்தாலும் எட்டுக்கு மேலே போனாலும் அன்றைக்கு எங்களுக்குச் சனி. வாசித்த எண்ணைச் சத்தமாகச் சொல்லுவார். நான் அதைத் தாளில் எழுதவேண்டும். எழுதியதை அவர் எட்டிப் பார்ப்பார். பின்னேரம் வீட்டுக்குப் போக முதல் மறுபடியும் இதே கூத்து. ஒரு முறை பிரிட்ஜ் கூடுதலாகக் குளிர்ந்து, சில ஊசி மருந்து உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. சிஸ்டர் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து, பிறகு உருக வைத்து, சந்தேகத்துக்குரிய குப்பியையும் அதையும் சேர்த்துக் குலுக்கி, இரண்டையும் மேசையில் நிறுத்தி, நாடிக்குக் கை கொடுத்து அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தார். எது சீக்கிரம் அடியில் மண்டுகிறது என்று பார்க்கிற முறை அது. இரண்டும் ஒரே வேகத்தில் மண்டின. அப்படியென்றால் மற்றதும் உறைந்ததுதான். அந்தப் பெட்டி முழுவதையும் எறிவதற்கென்று ஓரமாக வைத்துவிட்டு, நாற்பது தாய்மாரிடம் போய், இன்றைக்கு ஊசி இல்லை, பிழை எங்களுடையது என்று தானே சொன்னார்.

அவருக்கு இன்னொரு பிடிவாதம் இருந்தது. தாய்க்கு விளங்காத ஒரு சொல்லையும் கிளினிக்கில் சொல்லக்கூடாது. என்னை அவர் நங்கி, தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார்.

“நங்கி, நீ பெரிய பெரிய பேர் சொன்னா அம்மா தலையாட்டும். தலையாட்டினா வெளங்கினது இல்ல. அம்மாட வாயில என்ன பேர் இருக்கு, அத சொல்லு.”

அப்படியே நாங்கள் சொன்னோம். பிறந்தவுடன் கையில் போடுகிறது தழும்பு ஊசி. இரண்டு, நாலு, ஆறு மாதத்தில் தொடையில் போடுகிறது காய்ச்சல் வருகிற ஊசி, ஏனென்றால் போட்ட அன்று பிள்ளை காயும். ஒரு வயதில் போடுகிற யப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியில் யப்பானை நாங்கள் எப்போதோ கழற்றிவிட்டோம். அது வெறும் மூளைக்காய்ச்சல் ஊசி. சிங்களத் தாய்மாருக்கும் அதே கதைதான், ‘மொளே உண’ என்று சொன்னால் போதும். நுளம்பு கடித்து வருகிற காய்ச்சல் அது, மூளையைத் தாக்கும், அதற்கு இந்த ஊசி. எல்லாருக்கும் விளங்கியது. தாய்மார் தவறாமல் வந்தார்கள். பெயரை இலேசாக்கியதால்தான் வந்தார்கள் என்று சிஸ்டர் சொல்லுவார். நான் இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன்.

இன்னொரு ஊசியும் எனக்குத் தெரியும். மக்காவுக்குப் போகிறவர்களுக்குப் போடுகிற ஊசி. பயணக் காலம் வந்தால் வேறொரு இடத்தில் ஆள் குறைவென்று என்னையும் இரண்டு மூன்று கிழமைக்குக் கூப்பிடுவார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட ஐயாமாரும் வயதுபோன அம்மாமாரும் வரிசையாக இருப்பார்கள். தூளாக இருக்கிற மருந்தில் தண்ணீர் மருந்தைக் கலந்து, கையில் போட்டு, பயணத் தடுப்பூசிக்கான மஞ்சள் புத்தகத்தில் குப்பியின் லேபிளை ஒட்டி, சீல் குத்தி அனுப்புவோம். நாங்கள் எல்லோரும் அதை ஹஜ் ஊசி என்றுதான் சொல்லுவோம். பெட்டியில் மெனிங்கோகொக்கல் என்று எழுதியிருக்கும். நானே என் கையால் எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். பெட்டியில் எழுதியிருந்ததை ஒரு நாளும் வாய்விட்டு வாசித்ததில்லை. கையில் எடுத்தது ஹஜ் ஊசி, போட்டது ஹஜ் ஊசி, அவ்வளவுதான்.

இனி ரெஜினாவிடம் வருகிறேன்.

ரெஜினா கொச்சிக்கடையில் இருக்கிற பிள்ளை. புருஷன் துறைமுகத்தில் வேலை. மூத்தது ஷெரின், பெண்பிள்ளை, அப்போது மூன்று வயது. செவ்வாய்க்கிழமை என்றால் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய்விட்டு, தலையில் போட்ட துணியைக் கழற்றாமல் அப்படியே கிளினிக்குக்கு வருவாள். அவளைப்போல இன்னும் முப்பது பேர் வருவார்கள். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் கிளினிக் பஸ் ஸ்டாண்டைப் போல இருக்கும்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, ஷெரினுடைய மூன்று வயது ஊசிக்கு வந்திருந்தாள். நான் ஒரு கையில் ஒரு கைக்குழந்தையின் தொடையைப் பிடித்தபடி நின்றேன். பின்னால் இரண்டு பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு அழுதார்கள். ரெஜினா பிள்ளையின் கிளினிக் காட்டை, ஊசி பதிகிற அட்டையை, மேசைக்கு மேலாக நீட்டினாள்.

“மிஸ், லண்டன்ல இருக்கிற அக்கா போன்ல கேட்டாங்க. அங்க சின்னப் புள்ளைங்களுக்கெல்லாம் மூளைக்காய்ச்சல் ஊசி போடுறாங்களாம். ஷெரினுக்குப் போட்டாச்சான்னு கேட்கச் சொன்னாங்க.”

நான் காட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு வயதுக் கட்டத்தில் திகதி இருந்தது, என்னுடைய சொந்தக் கையெழுத்து.

“ஓம், போட்டாச்சு. ஒரு வயசிலயே போட்டனான். அக்காவுக்குச் சொல்லுங்கோ, லண்டனுக்கு முதல் நாங்கள் போட்டிட்டம் எண்டு.”

அவள் சிரித்தாள். பக்கத்தில் இருந்த தாய்மாரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மொத்தமாக அரை நிமிஷம்கூட இருக்காது.

இப்படித்தான் நடந்தது என்று எனக்கு ஞாபகம். ‘ஞாபகம்’ என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

எட்டு ஒன்பது மாதம் கழித்து ரெஜினாவின் வயிற்றில் இரண்டாவது பிள்ளைக்கு ஐந்து மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரியை வீட்டில் போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. ஒரு வியாழக்கிழமை பகல் பதினொரு மணிபோல அவளுடைய தோட்டத்துக்குப் போனேன். தோட்டம் என்றால் மரம் செடி என்று நினைக்கவேண்டாம். கொழும்பில் ஒரே சுவரைப் பங்குபோடும் வரிசை வீடுகளுக்கு அதுதான் பெயர். ரெஜினா வாசலில் நின்றாள். முகம் வாடிப் போயிருந்தது.

“ஷெரினுக்கு நேத்து ராத்திரியிலிருந்து காய்ச்சல் மிஸ். டெங்கு போல. மூணாம் நாள்தானே ரத்தம் பார்க்கணும்? நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்கு. எங்களுக்கெல்லாம் அது மனப்பாடம். பக்கத்து வீட்டு அக்கா பப்பாசி இலைச் சாறு பிழிந்து கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார். நானும் அதே நினைப்பில்தான் உள்ளே போனேன். பிள்ளை பாயில் கிடந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடியது. நெற்றி கொதித்தது. கையைப் பிடித்தால் கை ஐஸ் போல இருந்தது, காலும் அப்படியே. அது எனக்குப் பிடிக்கவில்லை. சட்டையைத் தூக்கினேன். வயிற்றில் இரண்டு மூன்று சிவப்புப் புள்ளி. தொடையில் இன்னும் கொஞ்சம், அவை சிவப்பு இல்லை, ஊதா.

“இது எப்ப வந்தது?”

“காலையில ரெண்டுதான் இருந்திச்சு மிஸ். நுளம்புக் கடின்னு நெனச்சேன்.”

பயிற்சியில் படித்த ஒன்று எங்கிருந்தோ வந்தது. ஒரு கிளாஸ் கேட்டேன். தேத்தண்ணி குடிக்கிற கண்ணாடிக் கிளாஸைக் கழுவித் தந்தாள். கிளாஸின் பக்கத்தை அந்தப் புள்ளிகளுக்கு மேலே வைத்து அழுத்திப் பிடித்தேன். சாதாரணப் புள்ளி என்றால் அழுத்தும்போது மறைந்துபோக வேண்டும். கண்ணாடிக்கு ஊடாக அவை அப்படியே இருந்தன. கிளாஸை இன்னொரு இடத்தில் வைத்தேன். அங்கேயும் மறையவில்லை. டெங்குவிலும் அப்படிப் புள்ளி வரும், அதனால் எனக்கு ஒன்றும் நிச்சயமில்லை. பக்கத்து வீட்டு அக்கா, சாறைக் குடுத்துப் பார்ப்போமே என்றார். நான் பிள்ளையைப் பாயிலிருந்து தூக்கினேன்.

“டெங்குவோ என்னவோ, இப்பவே போவம். நாளைக்கு எண்டு ஒண்டும் இல்லை.”

ஆட்டோவில் பிள்ளையை என் மடியில்தான் வைத்திருந்தேன். ரெஜினா வயிற்றைப் பிடித்தபடி பக்கத்தில் இருந்தாள். கோயிலைத் தாண்டுகிறபோது சிலுவை போட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நின்றது. நான் யூனிஃபோமோடு இருந்ததால் வரிசையை இடித்துக்கொண்டு உள்ளே போனேன். வாழ்க்கையில் ஒரு முறைதான் அப்படிச் செய்தேன். இளம் டொக்டர் ஒருவர் பிள்ளையின் காலைப் பார்த்தார், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஊசி மருந்தைக் கொண்டுவரச் சொல்லி உடனே ஏற்றினார். மற்றப் பரிசோதனையெல்லாம் அதற்குப் பிறகுதான் நடந்தது.

பிள்ளை பிழைத்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு, பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பவில்லை. இரண்டு காதும் போய்விட்டது.

கிருமியின் பெயர் இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. முதுகிலிருந்து எடுத்த நீரில் நுணுக்குக்காட்டியில் தெரிந்ததாம். சுகாதாரப் பரிசோதகரும் டொக்டரும் எங்களைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளையோடு நெருங்கிப் பழகிய எல்லோருக்கும் மருந்து கொடுக்கவேண்டும் என்றார்கள். எனக்கும்தான். அந்த வில்லைகளைப் போட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அதை நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியும், அடுத்த நாள் காலையில் அந்தத் தோட்டமே கிளினிக் வாசலில் நின்றது. ரெஜினாவின் புருஷன், பாவம், ரத்தம் போகிறது என்று ஒருவருக்கும் சொல்லாமல் வேலைக்குப் போய், அங்கே மயங்கி விழுந்துவிட்டான். ரெஜினா பிள்ளைத்தாய்ச்சி என்பதால் அவளுக்கு வில்லை கொடுக்கவில்லை, ஒரே ஒரு ஊசி. எல்லாம் தெரிந்த நானே காலையில் கழிவறையில் ஒரு கணம் திடுக்கிட்டுப் போனேன்.

மருந்தைப் பற்றிச் சொல்ல எங்களைக் கூப்பிட்ட கூட்டத்தில்தான் அது நடந்தது. டொக்டர் கிருமியின் பெயரைச் சொன்னார். மெனிங்கோகொக்கஸ். யாரோ, இதற்கு ஊசி இல்லையா என்று கேட்டார்கள்.

“இருக்குதே. ஹஜ்ஜுக்குப் போறவங்களுக்குப் போடுறது. லண்டன் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கே போடுறாங்க. நம்ம அட்டவணையில இல்ல, இங்க அவ்வளவு காணாத நோய். விரும்பினா வெளியில போடலாம்.”

லண்டன், சின்னப் பிள்ளைகள், மூளைக்காய்ச்சல். ரெஜினா கேட்டது அந்த ஊசியை. நான் சொன்னது வேறு ஊசியை. அவள் கேட்டதை என் கையாலேயே ஐயாமாருக்குப் போட்டிருக்கிறேன். எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். “அது வேற, வெளியில போடலாம், டொக்டரைக் கேட்டுப் பாருங்கோ” என்று சொல்ல எத்தனை நொடி போகும்?

அன்று பின்னேரம் சிஸ்டர் பிரிட்ஜுக்கு முன்னால் குனிந்து நின்றபோது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

“நாலு,” என்றார்.

நான் நாலு என்று எழுதினேன். அவர் கதவை மூடிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

“நங்கி, நீ பொய் சொன்னியா?”

“இல்லை சிஸ்டர்.”

“உண்மை சொன்னியா?”

“அதுவும் இல்லை.”

“அந்த பேர் நான் சொல்லிக் குடுத்தது.” நான் எழுதிய தாளை எட்டிப் பார்த்தார். “அம்மாக்கு இப்ப சொல்லாத. அம்மா இப்ப புள்ளைட பக்கத்துல இருக்கணும். கோவத்துட பக்கத்துல இல்ல. பொறகு சொல்லு.”

அடுத்த கிழமை பிரிட்ஜுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. எல்லா ஊசியும், எந்த நோய்க்கு, மூன்று பாஷையில், முழுப் பெயரோடு. மூளைக்காய்ச்சல் என்ற சொல் அதில் மூன்று இடத்தில் வந்தது, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வால். நுளம்பால் வருவது, காய்ச்சல் வருகிற ஊசிக்குள் ஏற்கெனவே அடங்கியிருப்பது, இந்தக் கிருமியால் வருவது. இனி யாராவது கேட்டால், நீங்கள் எதை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லவேண்டும் என்று சிஸ்டர் கட்டளை போட்டார். நானும் அப்படியே செய்தேன். முதல் நாளே ஒரு தாய் முழுதும் கேட்டுவிட்டு, “அப்ப என் புள்ளைக்கு மூணு தடவை மூளைக்காய்ச்சல் வருமா மிஸ்?” என்று அழத் தொடங்கினாள். இன்னொருத்தி, இவ்வளவு குழப்பம் என்றால் ஒன்றும் வேண்டாம் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளைத் திரும்பக் கூட்டிவர எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. இலேசாகச் சொன்னால் பிழை, சரியாகச் சொன்னால் ஓட்டம். எது சரி என்று சிஸ்டரிடம் கேட்டேன். தெரியாது என்றார். தெரியாது என்று அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

என் பக்கத்து நியாயங்களையும் சொல்லத்தான் வேண்டும். சேகரிக்க எனக்குப் பதினொரு வருஷம் கிடைத்தது. அந்த ஊசி எங்கள் கிளினிக்கில் இருக்கவேயில்லை. ரெஜினாவின் வீட்டில் அந்த நேரம் வெளியில் போய்ப் போட வசதி இருந்திருக்குமோ தெரியாது. மருந்து முதலில் ஏற்றப்பட்டதால் கிருமி பரிசோதனைச் சாலையில் வளரவில்லை, எந்த வகை என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தக் காலத்து ஊசி நாலு வகையைத் தடுக்கும், ஐந்தாவது ஒன்றைத் தடுக்காது. அது ஐந்தாவதாக இருந்திருந்தால் ஊசி போட்டும் பிரயோசனம் இல்லை. நாலில் ஒன்றாக இருந்திருந்தால் ஷெரின் இன்றைக்குக் கேட்பாள். இதில் எது என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. நானே ஆட்டோவில் கொண்டுபோனதால்தான் உயிர் தப்பியது என்று அந்தத் தோட்டத்தில் இப்போதும் சொல்வார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு எனக்குக் கேக் அனுப்புவார்கள். அந்தக் கேக்கை நான் சாப்பிட்டிருக்கிறேன், ருசியாகவும் இருந்திருக்கிறது, அதை என்னவென்று சொல்ல?

சிஸ்டர் சொன்ன ‘பொறகு’ வரவேயில்லை. ரெஜினாவுக்கு மகன் பிறந்தான். அவனுக்கு எல்லா ஊசியும் நான்தான் போட்டேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். வரிசை நிற்கும். பிறகு சிஸ்டர் ஓய்வு பெற்றுப் போனார், காலமும் ஆனார். கடைசியில் நானும் ஓய்வு பெற்றேன். கிளினிக் காட்டில் போட்ட ஊசிக்குக் கட்டம் இருக்கிறது, கேட்ட கேள்விக்குக் கட்டம் இல்லை. அன்றைக்குச் சிரித்த தாய்மார் யார் யாரென்று ஞாபகம் இல்லை. ஆகவே என்னைத் தவிர வேறு ஒரு சாட்சியும் இல்லை. ரெஜினாவைத் தவிர. அவளுக்கு ஞாபகம் இருந்தும் பெருந்தன்மையால் பேசாமல் இருக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். அவளுடைய சிரிப்பைப் பார்க்கப் பயந்தேன்.

தர்ஷினியின் போனுக்குப் பிறகு நாலாம் நாள் கோட்டைக்கு ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடித்தேன். ஏன் போகிறேன் என்று சரியாகத் தெரியாமலே போனேன். மன்னிப்புக் கேட்கவா, மனப்பாரத்தை அவளுடைய தலையில் இறக்கவா? இரண்டும் வேறு வேறு என்று பஸ்ஸில்தான் புரிந்தது. அதற்குள் கொச்சிக்கடை வந்துவிட்டது.

அதே வீடு, புது ஓடு. ரெஜினாவுக்கு முன்மயிர் நரைத்திருந்தது. தேத்தண்ணி ஊற்றினாள். ஷெரின் மேசையில் இருந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். நெடுத்து வளர்ந்துவிட்டாள், பதினாலு வயது. என்னைக் கண்டதும் எழுந்து கன்னத்தில் முத்தம் தந்துவிட்டு மறுபடி வேலையில் இறங்கினாள். மகன் டியூஷனுக்குப் போயிருந்தான்.

சுற்றி வளைத்துத் தொடங்கினேன். கிளினிக்கில் ஒரு நோட்டீஸ் எழுதுகிறார்களாம், அந்த ஊசியைப் பற்றி என்றேன். எந்த ஊசி என்று அவள் கேட்கவில்லை.

“எனக்குத் தெரியும் மிஸ்,” என்றாள். “ஆஸ்பத்திரியில இருக்கும்போதே டொக்டர் சொன்னாங்க, இதுக்கு ஒரு ஊசி இருக்குன்னு. லண்டன் அக்கா எவ்வளவு சொன்னாங்க. மூளைக்காய்ச்சல் ஊசி, மூளைக்காய்ச்சல் ஊசின்னு. போய் மிஸ்கிட்ட கேளு, மிஸ்கிட்ட கேளுன்னு.”

நான் பயந்த பேச்சு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

“நான் கேட்கவே இல்ல மிஸ். கிளினிக்குக்கு வந்தேன், கூட்டம், புள்ள அழுதிச்சு, மறந்துட்டேன். வீட்டுக்கு வந்து அக்காகிட்ட கேட்டேன்னு பொய் சொல்லிட்டேன். போட்டாச்சாம்னு சொல்லிட்டேன். இது அவருக்குக்கூடத் தெரியாது. கோயில்ல ஃபாதர்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன்.”

அவள் இதைச் சாதாரணக் குரலில் சொன்னாள், பல தரம் சொல்லித் தேய்ந்த குரல். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். இவள் கேட்கவில்லையா? அப்படியென்றால் அந்தச் செவ்வாய்க்கிழமை, மேசைக்கு மேலாக நீண்ட காட், லண்டனுக்கு முதல் நாங்கள் போட்டிட்டம் என்ற பகிடி, எல்லாம் நான் பிறகு கட்டியதா? அல்லது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பதினேழு நாள் தன்னைத் தானே அடித்துக்கொண்டிருந்தவள், யாரையாவது குற்றம் சொல்லவேண்டும் என்று தன்னையே பிடித்துக்கொண்டு, கேட்டதை மறந்தாளா? இரண்டு பேரில் ஒருவருடைய ஞாபகம் பிழை. எவருடையது என்று அந்த நிமிஷத்தில் எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. இதை எழுதுகிறபோதும் தெரியவில்லை. அவ்வளவு நிச்சயமாக இருந்த என் ஞாபகம், அவளுடைய நிச்சயத்துக்கு முன்னால் ஆடிப்போய்விட்டது.

ஆனால் என்ன சொல்வதென்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

“இல்லை ரெஜினா. நீங்கள் கேட்டனீங்கள். செவ்வாய்க்கிழமை. காட்டை நீட்டிக் கேட்டனீங்கள். நான்தான் வேற ஊசியைப் பார்த்துப்போட்டு, ‘போட்டாச்சு’ எண்டனான். மறந்தது நீங்கள் இல்லை. பிழை விட்டது நான்.”

அவள் என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம், அதற்குத்தான் நான் போனேன். அவள் எழுந்தாள், மறுபடி இருந்தாள்.

“நான் கேட்டேனா?”

“ஓம்.”

“மிஸ்ஸுக்கு நல்லா ஞாபகமா?”

“நல்லா ஞாபகம்,” என்றேன்.

“நான் கேட்டேனா மிஸ்?” என்றாள் இன்னொரு தரம், சத்தமே இல்லாமல். கண்ணீர் அதுபாட்டுக்கு வடிந்தது. துடைக்கவில்லை. பிறகு மேசைக்குப் போய் ஷெரினின் நாடியைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள். உதடு தெரியும்படி, ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா கேட்டேன்.”

ஷெரினுக்கு என்ன ஏது என்று விளங்கவில்லை. தாயின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள்.